சாம்பி எங்கே சாப்பிட்டது?

சமையலறை ஸ்டூலிலிருந்து ஜன்னல் விளிம்புக்குத் தாவுவது சாம்பிக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஐந்து வருடமாக நாளைக்கு நாலு தடவை தாவிப் பழகிய தூரம். அந்தத் திங்கட்கிழமை காலையில் மட்டும் ஒரு சாண் குறைந்துபோயிற்று. முன்னங்கால்கள் வெறும் காற்றைப் பற்றின, மோவாய் சுவரில் இடித்தது, பூனை தொப்பென்று தரையில் விழுந்தது. விழுந்த கையோடு, தான் இறங்க நினைத்ததே அங்கேதான் என்பதுபோல உட்கார்ந்து நெஞ்சை நக்கத் தொடங்கியது.

மனுவக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் குனிந்து அதன் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஜன்னல் வழியாக வெயில் நேராக அதன் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்குக் கருமணி நூலாகச் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை. இரண்டு கண்ணிலும் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கறுப்பு விரிந்து கிடந்தது. விரலைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் ஆட்டினாள். பூனை விரலைப் பார்க்கவில்லை. விரல் இருக்கும் திசையை மோந்து தேடியது.

மனு என்பது அவள் பெயர் இல்லை. தெருவில் குழாய் ஒழுகினாலும் விளக்கு எரியாவிட்டாலும் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுப்பவள் என்பதால் வந்த பெயர். வேலையும் அதற்குத் தோதானதுதான். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இணைப்பு எண் என்ன, தெரு எது, எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று கேட்டுக் கேட்டுப் பதிந்துகொண்டிருப்பாள். எந்த வார்த்தையை எந்த இடத்தில் வைத்தால் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருப்பார் என்பது இருபது வருடத்தில் அவளுக்குக் கைவந்திருந்தது.

அப்படி அவள் எழுதியவற்றிலேயே பேர் வாங்கியது கறிக்கடை மனுதான். அவர்கள் இருந்தது மூன்று மாடிக் கட்டடத்தின் முதல் மாடி. கீழே, பின்பக்கமாக, ஒரு கறிக்கடை. விடிவதற்கு முன்பே கத்திச் சத்தம் கேட்கும், வெயில் ஏறினால் வாடை ஏறும். மனுவக்காவுக்கு அந்த வாடை வந்தாலே தலை கனத்துவிடும். ஒன்பது வயதில், வீட்டில் அத்தனை பேரும் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டை நகர்த்தி வைத்துவிட்டு இனிமேல் எனக்கு வேண்டாம் என்று எழுந்துபோனவள் அவள். ஏன் என்று அன்றைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கே சரியாகத் தெரியுமா என்பதும் சந்தேகம்தான். கழிவு நீர் போகும் வழி, ஈ, படிக்கட்டின் வழுக்கல் என்று ஒன்று விடாமல் மனுவில் எழுதி, கட்டடத்தில் இருந்த ஒன்பது வீட்டிலும் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். மூன்றே மாதம். கடை மூட்டையைக் கட்டியது. அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

சாம்பி குட்டியாக வந்தபோதே அவள் முடிவு செய்துவிட்டாள், இந்த வீட்டில் என்ன சமைக்கிறோமோ அதுதான் இதற்கும் என்று. பாலில் ஊறிய ரொட்டி, குழைய வேகவைத்த பருப்பு, மசித்த பூசணி. பூனை தின்றது, வளர்ந்தது, ரோமம் பட்டாக மின்னியது. என் பூனை சுத்த சைவம் என்று அலுவலகத்தில் அவள் சொல்லாத ஆள் கிடையாது. நம்பாதவர்களுக்குப் போட்டோ காட்டுவாள்.

இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த மினுமினுப்பு குறைந்து நாளாகிவிட்டிருந்தது. சில வாரங்களாகத் தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறது. வாசல்படியில் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் கால் வைக்கிறது. எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். எதையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அலுவலகத்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியம் ஒன்றரைக்குள் நான்கு தடவை வீட்டுக்குப் போன் செய்தாள். நான்காவது தடவைதான் கணவர் எடுத்தார். அவர் பஸ் ஓட்டுநர். விடியற்காலை முதல் பஸ்ஸை எடுக்கக் கிளம்பினால் ஒரு மணிக்குத்தான் வீடு திரும்புவார். அதிகம் பேசமாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று அவளே கேலி செய்வாள். பூனை கட்டிலுக்கடியில் படுத்திருக்கிறது என்றார். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, இருக்கிறது என்றார்.

சாயங்காலம் பூனையைத் துணிக்கூடையில் வைத்து மூடி, இரண்டு தெரு தள்ளி இருந்த கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். மருத்துவர் முப்பது வயதுப் பெண். சின்ன டார்ச்சை அடித்துக் கண்ணுக்குள் வெகு நேரம் பார்த்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்து அதைவிட நேரம் கேட்டார். கூடைக்குத் திரும்பப் பார்த்த பூனையை ஒரு கையால் அணைத்துக்கொண்டே, என்ன கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தார். மனுவக்கா சொன்னாள். சொல்லும்போது குரலில் பழைய பெருமை தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

மருத்துவர் திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. கறியிலும் மீனிலும்தான் இருக்கும். மனிதர்கள் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும், பூனை உடம்பால் போதுமான அளவுக்கு முடியாது. அது கிடைக்காவிட்டால் கண்ணின் உட்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும், இதயத் தசை தளரும். சாம்பிக்கு இரண்டும் ஆரம்பித்திருக்கிறது. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். இதயம் தேறினாலும் தேறும்.

"அஞ்சு வருஷமா இதையேதான் சாப்பிடுறா டாக்டர். நல்லாத்தானே இருந்தா."

"இதை மட்டுமே சாப்பிட்டிருந்தா அஞ்சு வருஷம் தாங்கியிருக்காதும்மா. வேற எங்கேயோ சாப்பிட்டிருக்கா. ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ளதான் அது நின்னிருக்கு."

மனுவக்காவுக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. என் பூனை வெளியே வாய் வைக்காது என்று சொல்ல வாயெடுத்தாள். மருத்துவரின் பார்வையைக் கண்டதும் விழுங்கிக்கொண்டாள்.

சத்துப் பொடி ஒரு புட்டி, மூன்று விதமான டப்பா உணவு, ஒரு பை உலர் உணவு. மருத்துவர் எடுத்து மேசையில் வைத்தார். எதைத் தின்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள், பொடியை அதில் கலந்துவிடுங்கள் என்றார். கூடையை மூடும்போது ஒன்று சொன்னார். பூனை ஒன்றுமே தின்னாமல் இரண்டு நாளுக்கு மேல் போனால் கல்லீரல் கெட்டுவிடும். அப்படியானால் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், குழாய் போட்டுத்தான் ஊட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்து, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு முதல் டப்பாவைத் திறந்தாள். மீன். சாம்பி இரண்டடி தூரத்தில் நின்று மோந்தது. பிறகு முன்காலால் தரையைப் பிராண்டிப் பிராண்டி, இல்லாத மண்ணை அதன்மேல் தள்ளி மூடியது. இதைவிட மரியாதைக் குறைவாக ஒரு பூனை சொல்ல முடியாது. கோழி டப்பாவுக்கும் அதே மரியாதை. மூன்றாவதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உலர் உணவில் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, சுற்றிவந்து அவள் காலடியில் துப்பியது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை முழுக்க இதே கதை. டப்பாவை வெந்நீரில் சுடவைத்துப் பார்த்தாள். விரலில் தொட்டு அதன் உதட்டில் தடவிப் பார்த்தாள். தொட்ட விரலை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். வேறு வழியில்லாமல் பழைய பருப்பையும் பூசணியையும் வைத்தாள். அதையும் தொடவில்லை. அலுவலகத்துக்குப் போனாலும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேற்குத் தெருவில் உடைந்த குழாய்க்குக் கிழக்குத் தெருவுக்கு ஆள் அனுப்பிவிட்டாள். குழாய் பொருத்துபவர் அங்கே காய்ந்த தரையில் நின்றுகொண்டு போன் செய்து, என்னக்கா விளையாடுறீங்களா என்று கேட்டார். இருபது வருடத்தில் அவள் வாங்கிய முதல் பேச்சு அது.

வீடு திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல், கட்டடத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். எங்கள் பூனைக்கு நீங்கள் எப்போதாவது ஏதாவது போட்டதுண்டா. மேல்வீட்டு வாத்தியாரம்மா இல்லை என்றார். எதிர்வீட்டுத் தையல்காரர், உங்கள் பூனைக்குப் போட்டுவிட்டு உங்களிடம் மனு வாங்க எனக்கென்ன பைத்தியமா என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மொட்டைமாடிவரை ஏறினாள், இறங்கினாள், திரும்ப ஏறினாள்.

வீட்டுக்குள் வந்தபோது கணவர் பால்கனி வாசலில் குந்தியிருந்தார். டப்பா உணவைக் கையிலேயே வைத்து நீட்டிக்கொண்டிருந்தார். பூனை அவர் முழங்காலில் தலையைச் சாய்த்திருந்தது, கைப்பக்கம் திரும்பவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள், தண்ணீர் குடிக்கப் போனாள், குடிக்காமல் வந்தாள்.

"எங்கதான் சாப்பிட்டிருப்பா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

கணவர் கையைக் கீழே வைத்தார்.

"கறிக்கடையில."

"எந்தக் கறிக்கடை?"

"கீழ இருந்துச்சே, அது. காலையில நான் வேலைக்கு இறங்குறப்போ பாப்பேன். பின்வாசல் படியில உக்காந்து தின்னுக்கிட்டிருப்பா. தினமும்."

அவளுக்கு அது உள்ளே இறங்கச் சற்று நேரம் பிடித்தது. விடியற்காலையில் பூனை சமையலறை ஜன்னல் வழியாகத் தாழ்வாரக் கூரைக்குத் தாவிப் போவதையும், ஆறு மணிக்குத் திரும்பி வந்து மீசையை நக்கிக்கொண்டே பால்ரொட்டிக்கு முன்னால் உட்காருவதையும் அவளும்தான் பார்த்திருக்கிறாள். உலாவப் போகிறது என்று நினைத்தாள். காற்று வாங்கிவிட்டு வருகிறது என்று பக்கத்து வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஜன்னலை அடைச்சிருப்பே."

"மனுவுல நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களே?"

"நீதானே நீட்டுனே."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை. கடையைக் காலி செய்ய வைத்த கையெழுத்துகளில் முதலாவது அவளுடையது, இரண்டாவது இவருடையது. இரண்டையும் போட்டுவிட்டு அதே வீட்டில், பூனை வளர்கிறது என்று சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள். கத்தலாம் என்று பார்த்தாள். கத்தினாலும் பூனை தின்னப்போவதில்லை. துணி மடிக்க உட்கார்ந்தாள். மடித்ததையே திரும்ப உதறி மடித்தாள்.

கடை இப்போது ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம், புதிய சந்தைக் கட்டடத்தில் இருக்கிறது என்று கணவர் சொன்னார். நாளைக்கு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நான் போய்க் கேட்டு வருகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"மனு போட்டது நான். நான்தான் போகணும்."

புதன்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அவள் சந்தையில் நின்றாள். பூனை கடைசியாக வாயில் எதையாவது போட்டு ஒன்றரை நாள் ஆகியிருந்தது. காய்கறி வரிசையைத் தாண்டி, பாத்திரக் கடைகளைத் தாண்டி, கடைசிக் கோடியில் கறிக்கடைகள். தரை ஈரமாக இருந்தது. முந்தானை நுனியை மூக்குக்குக் கொண்டுபோனாள். உதவி கேட்க வந்த இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பதா என்று கையை இறக்கினாள். இரண்டடி நடப்பாள், கை தானாக ஏறும், திரும்ப இறக்குவாள்.

கறிக்கடைக்காரர் அவளை அவளுக்கு முன்பே பார்த்துவிட்டார். அகலமான மனிதர், காதோரம் நரைத்திருந்தது. நீலப் பிளாஸ்டிக் பீப்பாயிலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டு பலகையைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அவள் வரும் வழியெல்லாம் தயார் செய்துவைத்த முதல் வாக்கியம் மறந்துபோயிற்று. மனுவில் எழுதத் தெரிந்த எந்தச் சொல்லும் அங்கே உதவிக்கு வரவில்லை.

"இன்ஸ்பெக்டரம்மா எப்படி இருக்காங்க?" என்று அவரே கேட்டார்.

யாரைக் கேட்கிறார் என்று அவள் விழித்தாள்.

"உங்க பூனைதான். நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். தராசுப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு நிறுக்கிறதை ஒரு பார்வை பார்ப்பாங்க பாருங்க."

மனுவக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டினாள். கண், இதயம், டப்பா, துப்பியது, குழாய், இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஏதாவது தின்றாக வேண்டும் என்பது. அவர் குறுக்கே பேசவில்லை. வந்த வாடிக்கையாளர் ஒருவரைக் கையைக் காட்டி நிறுத்தினார். அவள் முடித்ததும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கோபம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்க்கா. பதினொரு வருஷம் இருந்த இடம். இங்க வந்து பழைய ஆளுங்க பாதிப் பேர் வர்றதே இல்ல. ஆனா அதுக்கு இன்ஸ்பெக்டரம்மா என்ன பண்ணுவாங்க பாவம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. கேட்டால் பூனைக்காகக் கேட்டதுபோல ஆகிவிடும் என்றும் தெரிந்தது. கடைசியில், தப்பாத்தான் எழுதினேன், பேசிப் பார்த்திருக்கலாம், பேசவே இல்லை என்று மட்டும் சொன்னாள். அவர் உள்ளே திரும்பி ஒரு தட்டை எடுத்தார்.

சாம்பி தின்றது கோழி இதயம். வேறு எதையும் தொடாது. ஈரல் போட்டால் நகர்ந்துபோய் உட்கார்ந்துகொள்ளும். மேலே இருக்கும் மெல்லிய தோலை உரித்துவிட வேண்டும், நகக்கண் அளவுக்கு நறுக்க வேண்டும், குளிர்ந்திருக்கக் கூடாது. தட்டில் வைத்தால் தின்னாது, காகிதத்தில்தான் வைக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் கத்தியை எடுத்ததும் நிறுத்தினார்.

"உங்களுக்குப் பாக்க முடியாதுன்னா அப்படித் திரும்பி நில்லுங்க. நான் நறுக்கித் தர்றேன். ஆனா நாளைக்கு நீங்கதானே நறுக்கணும்."

அவள் திரும்பித்தான் நின்றாள். எதிரே சுவரில் ஒரு பல்லி ஓடியது. பத்துவரை எண்ணிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு, மறுபடி இந்தப் பக்கம் திரும்பினாள். கத்தி நுனியால் அவர் தோலைப் பிரித்து இழுத்ததையும், உருட்டி நறுக்கியதையும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

பொட்டலம் கட்டும்போது அவர் மறுபடி பீப்பாயில் தண்ணீர் மொண்டார். பின்சுவரில் குழாய் இருந்தது. பழக்கதோஷத்தில், குழாயில் தண்ணீர் வரவில்லையா, எத்தனை நாளாக, புகார் கொடுத்தீர்களா என்று கேட்டுவிட்டாள்.

"ரெண்டு தடவை போன் பண்ணினேன். ரெண்டு தடவையும் நீங்கதான் எடுத்தீங்க. உங்க குரல் எனக்குத் தெரியாதா. என்னைத்தான் உங்களுக்குத் தெரியல."

அவள் பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காராமல் வீடுவரை நின்றுகொண்டே வந்தாள்.

கணவர் அன்று வேலைக்குப் போகவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். பூனை எழுந்திருக்கவில்லை என்றார். அவள் பொட்டலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தாள். சத்துப் பொடியைத் தூவினாள். பால்கனியில் செய்தித்தாளை விரித்து, பூனையைச் சுவரோரமாக உட்காரவைத்தாள். அது மூக்கை நீட்டியது. மீசை துடித்தது. ஆனால் குனியவில்லை. தலையை அப்படியும் இப்படியும் திருப்பி எதையோ தேடியது.

"கீழ கொண்டுபோய்ப் பாப்போமா?" என்றார் கணவர். அவர் தானாகச் சொன்ன யோசனைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவர் பூனையைத் தூக்கிக்கொண்டார். அவள் காகிதத்தோடு முன்னால் இறங்கினாள். கறிக்கடை இருந்த இடம் இன்னும் யாரும் வாடகைக்கு வராமல் பூட்டித்தான் கிடந்தது. பின்வாசல் படியில் சருகும் தூசியும். தூசியைக் கையாலேயே தள்ளிவிட்டுக் காகிதத்தை விரித்தாள். பூனை கீழே கால் வைத்ததும் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு படியை ஓரமாக மோந்துகொண்டே போய், மூலையில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, வாலைச் சுற்றிக்கொண்டது. இடம் அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மூக்கால் காகிதத்தின் விளிம்பைத் தொட்டது, முதல் துண்டை எடுத்தது, தலையைச் சாய்த்து மென்றது. இரண்டாவதை மெல்லாமல் விழுங்கியது.

மனுவக்கா எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். மூன்று நாளில் முதல் முறையாக அவள் கால்கள் ஓரிடத்தில் நின்றன. கடைசித் துண்டு முடிந்து பூனை காகிதத்தை நக்கும்வரை இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. அதற்குப் பிறகும் அவளுக்கு நிம்மதி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தின்றது தங்குமா, வாந்தி எடுக்குமா, நாளைக்கும் தின்னுமா என்று அடுத்த கவலை வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

தங்கியது. மறுநாளும் தின்றது. வெறும் இதயம் மட்டும் போதாது, எலும்புக்கும் மற்றதற்கும் டப்பா உணவு வேண்டும் என்று மருத்துவர் போனில் சொன்னார். நறுக்கிய துண்டுகளோடு ஒரு சிட்டிகை டப்பா உணவைப் பிசைந்து, இரண்டு நாளுக்கு ஒரு சிட்டிகை கூட்டிக்கொண்டே போகச் சொன்னார். அந்த ஒரு சிட்டிகையைக் கண்டுபிடித்து ஒதுக்கிவைக்கச் சாம்பிக்குக் கண் தேவைப்படவில்லை. விடாப்பிடியாக நடந்த போராட்டத்தில் நாலாவது வாரம்தான் பூனை இறங்கிவந்தது. பூனைக்கென்று தனிக் கத்தி, தனிப் பலகை, ரப்பர் கையுறை எல்லாம் பால்கனியில் இருந்தன. ஒரு மழை நாளில் பலகை சமையலறைக்குள் வந்தது. திரும்பப் போகவில்லை.

அலுவலகத்தில் அவள் பழைய பதிவுகளைத் தேடி எடுத்தாள். சந்தைக் கடையின் இரண்டு புகாரும் இருந்தன. இரண்டுக்கும் எதிரே, சரிசெய்யப்பட்டது என்று அவள் கையாலேயே பதிந்திருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டுப் பதிந்தது. யார் என்று நினைவில்லை. புகாரைத் திரும்பத் திறந்து, குழாய் பொருத்துபவரைக் கையோடு அழைத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். வாசலில் மண்ணுக்கடியில் ஒரு வால்வு மூடியே கிடந்தது. அரை மணி நேர வேலை. குழாயில் தண்ணீர் சீறி வந்தபோது கறிக்கடைக்காரர் பீப்பாயைக் கவிழ்த்து ஓரமாக வைத்தார். அவ்வளவுதான். பழைய இடத்துக்கே திரும்பி வாருங்கள், நான் எல்லோரிடமும் பேசுகிறேன் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்றார். இனிமேல் இன்னொரு தடவை மூட்டை கட்ட உடம்பில் தெம்பு இல்லை என்றார். வாரத்துக்கு இரண்டு நாள் அவள் பொட்டலம் வாங்கப் போகிறாள். இன்ஸ்பெக்டரம்மாவைப் பற்றி விசாரிப்பார். அவளைப் பற்றி விசாரிப்பதில்லை.

மூன்று மாதம் கழித்து மருத்துவர் மறுபடி பார்த்தார். இதயம் நன்றாகத் தேறியிருக்கிறது என்றார். கண் அப்படியேதான் இருக்கிறது. நிழல் தெரியும், பெரிய அசைவு தெரியும், அதற்குமேல் இல்லை. சாம்பி ஜன்னலுக்குத் தாவுவதை விட்டுவிட்டது. கணவர் இரண்டு மரப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படி செய்து கொடுத்திருந்தார். மீசையால் விளிம்பைத் தொட்டுத் தொட்டு ஏறிப்போய் வெயிலில் படுத்துக்கொள்ளும். அவள் நாற்காலியை இடம் மாற்றுவதில்லை. யாராவது மாற்றினால் பதறிப்போய்த் திரும்ப வைப்பாள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது கணவர் கூடையைச் சுமந்து வந்தார். அவளுக்கு மூன்று மாதமாகக் கேட்கவேண்டும் என்று இருந்தது.

"சொல்லாம வச்சிருக்கிறது வேற என்னெல்லாம் இருக்கு?"

அவர் யோசித்தார். ஒரு சைக்கிள் கடந்து போகட்டும் என்று காத்திருந்தார்.

"டெப்போ கேன்டீன்ல மாசத்துக்கு ரெண்டு தடவை கறி சாப்பிடுவேன்."

"அது தெரியும்," என்றாள் அவள். "சட்டையைத் துவைக்கிறது நான்தானே. அடுத்ததைச் சொல்லுங்க."

அவர் கூடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.